ஆயர் இலச்சினை: கேடயத்தில் எதை வைப்பது, எதை விடுவது

நியமனச் செய்தி வெளியான நாளிலிருந்து புதிய ஆயருக்கு நாள்கள் வேகமாகக் குறையும். திருத்தந்தையின் ஆணைமடல் கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் ஆயர்நிலைத் திருப்பொழிவு நடக்க வேண்டும் என்கிறது திருச்சபைச் சட்டத்தின் 379ஆம் எண். மறைமாவட்டப் பொறுப்பேற்க நான்கு மாதம் தருகிறது 382ஆம் எண். அழைப்பிதழ் அச்சுக்குப் போக வேண்டிய நாளைக் கழித்துப் பார்த்தால், இலச்சினையைத் தீர்மானிக்க ஆறேழு வாரம் மிஞ்சினாலே அதிகம். அந்த அவசரத்தில் வரைந்த படம்தான் கடிதத் தாளிலும் முத்திரையிலும் பேராலய இருக்கையிலும் கடைசியில் கல்லறைக் கல்லிலும் இருக்கப்போகிறது. ஆகவே எந்தக் கேள்விக்கு எத்தனை வழிகள் உண்டு, எந்த வழியில் எங்கே இடறும் என்பதைத் தெரிந்துகொண்டு உட்காருவது நல்லது.

தேர்வுக்கே இடமில்லாதவற்றை முதலில் ஒதுக்கிவிடலாம். கேடயத்துக்கு வெளியே இருப்பதெல்லாம் பதவியைச் சொல்கிறது. உள்ளே இருப்பதுதான் ஆளைச் சொல்கிறது. ஆயருக்குப் பச்சை நிறத்தில் கலேரோ என்னும் அகன்ற விளிம்புத் தொப்பி. அதிலிருந்து இறங்கும் கயிற்றில் பக்கத்துக்கு ஆறு பச்சைக் குஞ்சங்கள், மேலிருந்து 1, 2, 3 என்று மூன்று வரிசையாக. கேடயத்தின் பின்னால் ஒற்றைக் குறுக்குச்சட்டம் உள்ள பவனிச் சிலுவை. பேராயர் என்றால் பக்கத்துக்குப் பத்துக் குஞ்சம், நான்கு வரிசை, சிலுவைக்கு இரட்டைக் குறுக்குச்சட்டம். கர்தினாலுக்குச் சிவப்புத் தொப்பி, பக்கத்துக்குப் பதினைந்து. இந்த எண்ணிக்கை 1832இல் உறுதியானது. கர்தினால்களுக்குச் சிவப்புத் தொப்பியைத் தந்தவர் திருத்தந்தை நான்காம் இன்னொசென்ட், 1245ஆம் ஆண்டு லியோன் சங்கத்தின் காலத்தில். 1969இல் தலையிலிருந்து இறங்கிய அந்தத் தொப்பி இலச்சினையில் மட்டும் தங்கியிருக்கிறது.

இந்தப் பகுதியில் வரும் தவறுகள் பெரும்பாலும் எண்ணிக்கைத் தவறுகளே. "ஆயருக்குப் பன்னிரண்டு குஞ்சம்" என்று கேட்டுவிட்டுப் பக்கத்துக்குப் பன்னிரண்டு வரைவது ஒன்று. ஆயரின் உடையில் ஊதா தெரிவதால் தொப்பிக்கும் ஊதா பூசுவது இன்னொன்று. ஊதா வகைத் தொப்பிகள் மொன்சிஞ்ஞோர் என்னும் மதிப்புப் பட்டம் பெற்ற குருக்களுக்குரியவை. மூன்றாவது, இன்றும் அடிக்கடி கண்ணில் படுவது: கேடயத்தின் மேல் மித்ரா என்னும் ஆயரின் கூர்முடியையும் பின்னால் ஆயர்கோலையும் சேர்ப்பது. ஆறாம் பவுல் காலத்தில் 1969 மார்ச் 31 அன்று வந்த அறிவுரை ஏடு, கர்தினால்கள், ஆயர்களின் இலச்சினையிலிருந்து இவை இரண்டையும் நீக்கியது. இலச்சினை எளிமையாகவும் தெளிவாகவும் இருக்க வேண்டும் என்றும் சொன்னது. பிரபுத்துவ மகுடங்கள் அதற்கு முன்பே, 1951இல், பன்னிரண்டாம் பத்திநாதர் காலத்தில் தடைசெய்யப்பட்டுவிட்டன. பழைய ஆயர் ஒருவரின் படத்தைப் பார்த்து அப்படியே வரையச் சொன்னால் ஓவியர் இந்த மூன்றையும் கொண்டுவந்துவிடுவார். பாலியம் என்னும் தோள்பட்டையைக் கேடயத்தின் கீழ் வரைவதும் மறைமாநிலத் தலைமைப் பேராயருக்கு மட்டுமே பொருந்தும். பேராயர் என்ற பட்டம் மட்டும் உள்ளவருக்கு அது இல்லை.

தனிக் கேடயமா, மறைமாவட்டத்தோடு சேர்ந்ததா?

உண்மையான முதல் முடிவு இதுதான். மற்ற எல்லா அளவுகளும் இதைப் பொறுத்தே அமையும். நான்கு வழிகள் நடைமுறையில் உள்ளன.

முதலாவது, ஆயரின் சொந்தச் சின்னம் மட்டும். இத்தாலி, பிரான்ஸ், போலந்து ஆயர்கள் பெரும்பாலும் இப்படித்தான் செய்கிறார்கள். இடம் மாறினாலும் பதவி உயர்ந்தாலும் கேடயம் மாறாது; வெளியே தொப்பியும் சிலுவையும் மட்டும் மாறும். திருத்தந்தை பதினான்காம் லியோவின் கேடயம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பெருவில் சிக்லாயோ ஆயராக இருந்தபோது கொண்டிருந்த அதே கேடயத்தைத்தான் 2025இல் திருத்தந்தையானபோதும் வைத்துக்கொண்டார்: சாய்கோட்டில் பிரித்த கேடயம், மேலே நீலத்தில் வெள்ளை லில்லி, கீழே வெளிர் நிறத்தில் புத்தகமும் அதன்மேல் அம்பு துளைத்த இதயமும். லில்லி மரியாவைக் குறிக்கிறது. புத்தகமும் இதயமும் அகுஸ்தினார் சபையின் சின்னம்.

இரண்டாவது, கேடயத்தை நெடுக்காக இரண்டாக்கி ஒரு பாதி மறைமாவட்டத்துக்கும் மறு பாதி ஆயருக்கும் தருவது. அமெரிக்காவிலும் கனடாவிலும் இதுவே வழக்கம். மறைமாவட்டம் மேன்மையான பக்கத்தில், அதாவது கேடயத்தைப் பிடித்திருப்பவரின் வலப்பக்கத்தில் வரும். பார்க்கும் நமக்கு அது இடப்பக்கம். திருமணத்தில் கணவன் மனைவி குடும்பச் சின்னங்களை ஒரே கேடயத்தில் இணைத்த ஐரோப்பிய வழக்கத்தின் வடிவமே இது. ஆயர் தம் மறைமாவட்டத்தோடு மணம் பூண்டவர் என்பது பழைய நம்பிக்கை. ஆயர் மோதிரத்துக்குச் சொல்லப்படும் பொருளும் அதுவே. பொருளில் இதைவிட அழகான வழி இல்லை. வரைவில் இதைவிடக் கடினமான வழியும் இல்லை. பாதிக் கேடயம் என்பது ஒடுங்கிய நெடுந்துண்டு. பனை, விளக்கு, கோபுரம், வாள் போல உயர்ந்து நிற்பவை அதில் நன்றாக அமரும். படகு, பறக்கும் புறா, மலைத்தொடர் போல அகன்றவை சுருங்கிப் பொம்மையாகிவிடும். கேடயத்தைச் சுற்றி விளிம்புப் பட்டை இருந்தால் நடுக்கோட்டில் அதை வெட்டிவிட வேண்டும். மரபு விதி அப்படி. ஒரு பாதி ஏற்கெனவே நான்கு கட்டமாக இருந்தால் முத்திரை அளவில் எதுவுமே தெரியாது.

மூன்றாவது, நான்கு கட்டம். ஜெர்மனியில் அதிகம். ஒன்றாம், நான்காம் கட்டங்களில் மறைமாவட்டம், மற்ற இரண்டில் ஆயர். ஒரே படம் இரண்டு முறை வருவதால் சமநிலை கிடைக்கும், ஆனால் ஒவ்வொன்றும் கால்வாசி அளவுதான். மறைமாவட்டச் சின்னம் வெறும் சிலுவை அல்லது பட்டை போன்ற எளிய வடிவமாக இருந்தால் மட்டுமே இது எடுபடும்.

நான்காவது, கேடயத்தின் தலைப்பகுதியை, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உயரத்தை, இன்னொரு சின்னத்துக்கு ஒதுக்குவது. வெனிஸ் ஆயர்பீடத்திலிருந்து வந்த பத்தாம் பத்திநாதர், இருபத்துமூன்றாம் யோவான், முதலாம் யோவான் பவுல் மூவரும் தூய மாற்குவின் சிறகுச் சிங்கத்தை இப்படித் தலைப்பகுதியில் வைத்தார்கள். துறவற சபைக்கும் இதே இடம் உண்டு: பிரான்சிஸ்கன் சபையினரான பதினான்காம் கிளமெண்ட் தம் சபைச் சின்னத்தைத் தலையில் வைத்தார். தலைப்பகுதி அகலமானது, உயரம் குறைந்தது. ஆகவே படுக்கையாக நீளும் சிங்கம், படகு, மூன்று விண்மீன் எல்லாம் இங்கே பொருந்தும். பாதிப் பிரிவில் நசுங்குவது இங்கே விரிந்து நிற்கும். தென்னாட்டுக் கடலோர மறைமாவட்டம் ஒன்று படகைத் தன் சின்னமாகக் கொண்டிருந்தால் நெடுக்குப் பாதியைவிட இந்த வழியே சிறந்தது.

எதைத் தேர்வது? துணை ஆயருக்குக் கேள்வியே இல்லை: மறைமாவட்டத்தின் ஆட்சி அவர் கையில் இல்லாததால் அதன் சின்னம் அவர் கேடயத்தில் வராது. வாரிசுரிமையுள்ள இணை ஆயரும் பொறுப்பேற்கும் நாள் வரை காத்திருக்க வேண்டும். மறைமாவட்ட ஆயருக்கு நாங்கள் சொல்வது, முதலில் மறைமாவட்டச் சின்னத்தை எடுத்துப் பாருங்கள் என்பதே. அது கேடய வடிவில், இரண்டு மூன்று நிறத்தில், ஒன்றிரண்டு பொருளோடு இருந்தால் சேர்த்துக்கொள்ளுங்கள். பேராலயத்தின் முகப்பும் மாவட்ட வரைபடமும் திறந்த விவிலியமும் சுற்றிலும் எழுத்தும் கொண்ட வட்ட முத்திரையாக இருந்தால் அதைக் கேடயத்துக்குள் திணிக்க வேண்டாம். தனிச் சின்னத்தோடு நின்றுகொள்ளுங்கள். வட்ட முத்திரையை வெட்டிப் பாதிக் கேடயத்தில் ஒட்டினால் இரண்டுமே கெடும்.

சேர்த்தால் ஒரு பின்விளைவும் உண்டு. மாற்றலாகும்போது பாதி மாறும், ஓய்வுபெறும்போது பொதுவாகத் தனிச் சின்னத்துக்கே திரும்புவார்கள். இந்த வழக்கத்தை எல்லாரும் இறுக்கமாகக் கடைப்பிடிப்பதில்லை. பதினாறாம் பெனடிக்ட் ஜெர்மனியின் மியூனிக்-ஃப்ரைசிங் பேராயர் பதவியை விட்டு 1982இல் வந்துவிட்டார். ஆனாலும் 2005இல் வரைந்த திருத்தந்தை இலச்சினையிலும் ஃப்ரைசிங்கின் முடிசூடிய கறுப்பர் தலையும் தூய கோர்பீனியனின் கரடியும் இருந்தன. ரோமுக்குப் போகும் வழியில் கோர்பீனியனின் பொதிக்குதிரையைக் கொன்ற கரடி, அவர் கட்டளைப்படி பொதியைச் சுமந்து நடந்ததாம். தாம் கேட்டுப் பெறாத சுமையைச் சுமப்பவர் என்று பெனடிக்ட் அந்தக் கரடியில் தம்மையே கண்டார். பீடத்தின் சின்னம் ஆளின் சின்னமாகிவிட்ட இடம் இது. அப்படி ஒரு காரணம் இருந்தால் வைத்துக்கொள்ளலாம்.

எத்தனை பொருள்?

பிறந்த ஊர், பாதுகாவலர், சபை, படித்த துறை, பெற்றோர் தொழில், மறைமாவட்டத்தின் ஆறு, மலை, நெற்கதிர், புறா, நற்கருணை என்று பட்டியல் நீளும். ஒவ்வொன்றும் அன்போடு சொல்லப்படுவதுதான். ஆனால் கேடயம் வாழ்க்கைக் குறிப்பு அல்ல. மூன்று பொருளுக்கு மேல் போனால் தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு எதுவும் நிற்பதில்லை.

இரண்டாம் யோவான் பவுலின் கேடயத்தில் இரண்டே பொருள்: நீலத் தளத்தில் நடுவிலிருந்து விலகி நிற்கும் தங்கச் சிலுவை, அதன் கைக்குக் கீழே மரியாவின் முதல் எழுத்து. எழுத்தைக் கேடயத்தில் வைப்பது மரபுக்கு ஒவ்வாது என்பது சின்னக்கலை அறிந்தவர்களின் குறை. அந்தக் குறை நியாயமானதுதான். ஆனாலும் சிலுவையடியில் நின்ற தாய் என்ற ஒரே எண்ணத்தை ஒரே பார்வையில் அது சொல்லிவிடுகிறது. உலகில் எத்தனை பேர் அதை நினைவிலிருந்து வரைந்து காட்டுவார்கள்! எழுத்துதான் வேண்டுமென்றால் இயேசு பெயரின் சுருக்கமான இயேசு சபையின் ஐ.எச்.எஸ். போலவோ, அமைதி என்று பொருள்படும் பெனடிக்டின் சபையாரின் பாக்ஸ் போலவோ பழக்கத்தில் ஊறிய எழுத்துக்குறியை எடுங்கள். பெயரின் முதலெழுத்துகள், ஆண்டு எண், மறைமாவட்டப் பெயர் வேண்டாம்.

திருத்தந்தை பிரான்சிசின் கேடயத்தில் மூன்று: கதிர்விடும் சூரியனுக்குள் ஐ.எச்.எஸ்., கீழே மரியாவுக்கு விண்மீன், யோசேப்புக்கு நறுமணச் செடியான நார்த் மலர்க்கொத்து. ஸ்பானிய மொழி பேசும் நாடுகளின் மரபில் யோசேப்பு அந்தக் கொத்தோடு நிற்பார். மற்ற நாட்டவர்களோ அதைத் திராட்சைக் குலை என்றே படித்தார்கள். அந்த மலரைக் கண்ணால் பார்த்திராதவர்களுக்கு வேறு எப்படித் தெரியும்? ஒரு பொருள் தன்னைத் தானே சொல்லாவிட்டால், விளக்கத்தாள் எல்லா இடத்துக்கும் கூடவே வராது.

தமிழகத்தில் இதே சிக்கல் வேறு உருவங்களில் வரும். பனைமரம் மண்ணின் மரம், மாநில மரமும்கூட. அதை ஓலையாக மட்டும் வரைந்தால் மறைசாட்சியின் வெற்றிக் குருத்தோலையோடு ஒன்றாகிவிடும். ஆகவே பனையை அடிமரத்தோடும் விசிறி ஓலையோடும் முழுதாக வரைய வேண்டும். தாமரைக்குத் தோமையார் சிலுவையின் அடியில் பழைய இடம் உண்டு. ஆனால் தாமரையும் உதிக்கும் சூரியனும் இரட்டை இலையும் இங்கே தேர்தல் சின்னங்கள். இரு மலைக்கு நடுவே எழும் சூரியனை உயிர்ப்பின் அடையாளமாக வைத்தால் மக்கள் முதலில் வேறொன்றைத்தான் படிப்பார்கள். தாமரை வேண்டுமானால் சிலுவையின் அடித்தளமாக, அதிலிருந்து பிரிக்க முடியாதபடி வரையுங்கள். சூரியனுக்குப் பதில் குத்துவிளக்கு அதே பொருளைத் தரும். உயர்ந்து நிற்பதால் பாதிக் கேடயத்துக்கும் பொருந்தும். அசோகச் சிங்கத்தலையும் அதைப் போன்ற வடிவமும் அறவே வேண்டாம். அரசு இலச்சினையைத் தவறாகப் பயன்படுத்துவதைத் தடுக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது.

புனிதர்களைக் குறிக்க அவர்கள் உருவத்தை வரைவதைவிட அவர்களுக்குரிய பொருளை வரைவது எப்போதும் மேல். முகம் சிறிய அளவில் கறையாகிவிடும். தோமையாருக்கு ஈட்டியும் தச்சர் மூலைமட்டமும், ஓரியூரில் 1693இல் தலை வெட்டப்பட்ட அருளானந்தருக்கு வாள், சங்கிலியில் பிணைத்து இழுத்துச் செல்லப்பட்டு 1752இல் காற்றாடிமலையில் சுடப்பட்ட தேவசகாயத்துக்கு அறுந்த சங்கிலி. சவேரியாருக்குச் சிலுவையைக் கவ்விய நண்டு உண்டு. கடலோர மறைமாவட்டங்கள் இதை இன்னும் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

நிறம்

விதி ஒன்றுதான், மீறினால் உடனே தண்டிக்கும் விதி. பொன், வெள்ளி இரண்டும் உலோகம். வரைவில் மஞ்சள், வெள்ளை. சிவப்பு, நீலம், பச்சை, கறுப்பு, ஊதா நிறங்கள். உலோகத்தின் மேல் உலோகம் கூடாது, நிறத்தின் மேல் நிறம் கூடாது. காரணம் வெளிச்சம்: இரண்டு வெளிர் நிறங்களும் இரண்டு அடர் நிறங்களும் பத்தடிக்கு அப்பால் ஒன்றாகக் கலந்துவிடும். வெள்ளைத் தளத்தில் மஞ்சள் கிண்ணமும் அதன்மேல் வெள்ளை அப்பமும் என்பது நம் ஊர் வரைவுகளில் ஓயாமல் வரும் தவறு. தளத்தைச் சிவப்பாக்கினால் கிண்ணமும் அப்பமும் தனித்தனியே தெரியும். வத்திக்கானின் பொன் சாவியும் வெள்ளிச் சாவியும் சிவப்பின் மேல் நிற்பது அதனால்தான். நீலக் கடலில் பச்சைத் தென்னை இன்னொன்று. கடலை நீலமும் வெள்ளியுமாக மாறிமாறி வரும் அலைப்பட்டைகளாக்கி, மரத்துக்குப் பின்னே வெள்ளித் தளம் கொடுத்தால் தீர்ந்தது. நிறம் படிப்படியாக மங்குவது, நிழல், பளபளப்பு எல்லாம் கணினித் திரையில் அழகு, முத்திரையில் அழுக்கு.

விருதுவாக்கு: இலத்தீனா, தமிழா?

விருதுவாக்கு கட்டாயமில்லை. பெரும்பாலோர் வைக்கிறார்கள், வைத்தால் கேடயத்தின் கீழே பட்டிகையில். இரண்டிலிருந்து நான்கு சொல் போதும்.

இலத்தீனின் வலிமை சுருக்கம். இரண்டாம் யோவான் பவுலின் "தோத்துஸ் தூவுஸ்" (முழுவதும் உமக்கே) இரண்டே சொல்லில் முழு அர்ப்பணத்தையும் சொல்கிறது. ஆபத்து, இலக்கணமும் பதிப்பும். திருப்பாடல் 23இன் தொடக்கம் வுல்காத்தா என்னும் இலத்தீன் விவிலியத்தின் பழைய பதிப்பில் "தோமினுஸ் ரேஜித் மே", ஆண்டவர் என்னை ஆள்கிறார். புதிய வுல்காத்தாவில் "தோமினுஸ் பாஷித் மே", ஆண்டவர் என்னை மேய்க்கிறார். பழைய பதிப்பில் அதன் எண்ணும் 22. இணையத்தில் கிடைத்ததை எடுத்தால் ஆயர் நினைத்த சொல்லே அதில் இருக்காது. மொழிபெயர்ப்புக் கருவியிடம் தமிழ் வாக்கியத்தைக் கொடுத்து இலத்தீன் கேட்பது அதைவிட மோசம். குருமடத்தில் இலத்தீன் கற்பிப்பவர் ஒருவரிடம் காட்டாமல் அச்சுக்கு அனுப்பக் கூடாது.

மக்கள் மொழியில் வைப்பதற்குத் தடை ஏதுமில்லை. எல் சால்வதோர் நாட்டின் ஆஸ்கர் ரொமேரோ 1970இல் ஆயரானபோது "திருச்சபையோடு ஒன்றி உணர்வது" என்னும் பொருளில் ஸ்பானிய வாக்கையே வைத்தார். மறைமாவட்டத்துக்குள் பணியாற்றும் ஆயருக்கு நாங்கள் தமிழையே பரிந்துரைப்போம். தம் ஆயரின் வாக்கைக் கோயிலுக்கு வரும் பாட்டியும் வாசிக்க வேண்டும். இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. தமிழ்ச் சொற்கள் நீளமானவை, அதனால் பட்டிகையை இரண்டு மடிப்பாக விரித்து வரையச் சொல்லுங்கள். அடுத்தது புள்ளி. சிறிய ரப்பர் முத்திரையில் மெய்யெழுத்தின் புள்ளி மை அடைத்தோ தேய்ந்தோ மறையும்; "அன்பு" "அனபு" ஆகிவிடும். எழுத்தின் உயரம் இரண்டு மில்லிமீட்டருக்குக் குறையும் இடங்களில் விருதுவாக்கையே எடுத்துவிட்டுக் கேடயம், தொப்பி, சிலுவையை மட்டும் பதிப்பது சரி.

ஓவியரிடம் போகும் முன்

முதலில் படம் அல்ல, வாக்கியம். "சிவப்புத் தளத்தில் பொன் குத்துவிளக்கு, நீலத் தலைப்பகுதியில் வெள்ளிப் படகு" என்பது போல ஒரே பொருள் தரும் விவரிப்பை எழுதி ஆயர் ஒப்புதல் தர வேண்டும். அதுவே மூலம். இருபது ஆண்டு கழித்து வேறு ஓவியர் வேறு பாணியில் வரைந்தாலும் அந்த வாக்கியத்துக்குப் பொருந்தினால் அது அதே இலச்சினைதான். விவரிப்பு இரண்டு வரியைத் தாண்டினால் கேடயத்தில் ஏதோ அதிகம் என்று பொருள்.

பிறகு கறுப்பு வெள்ளையில் ஒரு வரைவு கேளுங்கள், 25 மில்லிமீட்டர் உயரத்தில் அச்சிட்டு ஒரு கை தூரத்தில் பிடித்துப் பாருங்கள். அதில் தெரியாதது வேறெங்கும் தெரியாது. நிறமில்லாத முத்திரைக்கும் கல்வெட்டுக்கும் கோடுகளே நிறம்: பொன்னுக்குப் புள்ளிகள், வெள்ளிக்கு வெறுமை, சிவப்புக்கு நெடுக்குக் கோடு, நீலத்துக்குக் கிடைக்கோடு, கறுப்புக்கு இரண்டும் சேர்ந்த கட்டம், பச்சைக்குப் பார்ப்பவரின் இடது மேல்மூலையிலிருந்து இறங்கும் சாய்கோடு, ஊதாவுக்கு எதிர்ப்பக்கச் சாய்வு. 17ஆம் நூற்றாண்டில் இயேசு சபைக் குரு பெத்ரா சாங்தா பரவச் செய்த இந்த முறை இன்னும் எல்லா நாட்டிலும் செல்லும்.

வரைவின் கணினிக் கோப்பை, எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாத வெக்டர் வடிவத்தில் வாங்குங்கள். புகைப்பட வடிவத்தை மட்டும் வாங்கினால் பேராலயத்தில் ஆறடிப் பதாகை தைக்கும்போது மீண்டும் முதலிலிருந்து வரைய வேண்டிவரும். வாக்கியம், நிற வரைவு, கோட்டு வரைவு மூன்றையும் ஆயரகக் காப்பகத்தில் வையுங்கள்.

செய்யும் வரிசையும் முக்கியம். அழைப்பிதழும் கடிதத் தாளும் முதலில், பிறகு ரப்பர் முத்திரை, பிறகு துணித் தையல். இருக்கையில் பதிக்கும் மரச் செதுக்கலும் கல்வெட்டும் பொறுப்பேற்று சில வாரம் கழித்துப் போதும். மக்கள் கண் பட்ட பிறகுதான் சில பிழைகள் தெரியவரும். பிரான்சிசின் இலச்சினை 2013 மார்ச்சில் வெளியானபோது மரியாவின் விண்மீனுக்கு ஐந்து முனை இருந்தது. சில நாள்களிலேயே அது எட்டு முனையாக மாற்றி வரையப்பட்டது. தாளில் அந்தத் திருத்தத்துக்கு ஒரு மறு அச்சு போதும், தேக்குப் பலகையில் முடியாது.